மதுரையிலிருந்து குல்மார்க்: குடும்பத்தோடு பனிச்சறுக்குப் போகச் செலவுக் கணக்குப் போடுவது எப்படி?

நான்கு பேர், ஏழு இரவு, 2,10,500 ரூபாய். 2024 பிப்ரவரியில் நாங்கள் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போய்வந்ததற்கு என் நோட்டில் இருக்கும் கணக்கு இது. இதில் சறுக்குப் பலகை வாடகை, பயிற்றுநர் சம்பளம், சரிவின் மேலே ஏற்றிவிடும் லிப்ட்டின் கட்டணம் என்று பனிச்சறுக்குக்காகவே கொடுத்தது 32,000 மட்டும்தான். மீதியெல்லாம் போக, வர, தங்க, உடுத்த, சாப்பிட. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது இந்தப் பயணத்துக்கு அப்படியே பொருந்தும்.

எனவே, "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுத் திட்டமிடாதீர்கள். "பனியில் நிற்கும் ஒரு நாளுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். நாங்கள் சறுக்கியது நான்கு நாள். நாளுக்கு 52,600 ரூபாய்க்கு மேல் விழுந்தது. இன்னும் ஒரு நாள் தங்கியிருந்தால் கூடுதலாக ஆகியிருப்பது அறை 7,500, நால்வருக்கும் பலகை, பூட்ஸ் வாடகை 4,000, பயிற்றுநர் 2,500, லிப்ட் 1,500, மதியச் சாப்பாடு 1,500, ஆக 17,000தான். இரண்டு நாள் கூட்டியிருந்தால் மொத்தம் 2,44,500. ஆறால் வகுத்தால் நாளுக்கு 40,750. முதல் நாள் முழுவதும் விழுந்து எழுவதிலேயே போய்விடும். மூன்றாம் நாள்தான் குழந்தைகள் தாமாக வளைந்து திரும்பவும், சறுக்கலை நிறுத்தவும் பழகினார்கள். அந்த நேரத்தில் ஊருக்குக் கிளம்புவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இரண்டு, மூன்று இரவுப் பேக்கேஜ்களை நான் யாருக்கும் சொல்வதில்லை.

படி 1: இடம்

பலரும் கேட்பது குல்மார்க், அவுலி, சோலாங் மூன்றையும்தான். மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் சோலாங்கில் அரை நாள் ஆசைக்குச் சறுக்கலாம். கூட்டத்துக்கு நடுவே குழந்தைகள் கற்றுக்கொள்வது கடினம். உத்தராகண்டில் இருக்கும் அவுலியின் சரிவுகள் புதியவர்களுக்கு நல்லவை என்று கேள்விப்பட்டுத்தான் முதலில் அதைப் பார்த்தேன். ஆனால் 2023 ஜனவரியில் அவுலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து மேலே செல்லும் ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள். ரிஷிகேஷிலிருந்து நாள் முழுக்க மலைச்சாலைப் பயணம் வேறு. ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் குல்மார்க்தான் என் தேர்வு.

படி 2: தேதி

எங்கள் முதல் நஷ்டம் இங்கேதான். பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போகலாம் என்று 2024 ஜனவரிக்கு விமான டிக்கெட் எடுத்தேன். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசிவரையுள்ள நாற்பது நாளைச் 'சில்லை கலான்' என்பார்கள், கடுங்குளிர்க் காலம். அப்போது பனி இல்லாமலா போகும் என்று நம்பினேன். அந்த ஆண்டு இல்லாமல்தான் போனது. ஜனவரி கடைசிவரை குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. பிப்ரவரி முதல் வாரம் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே மூன்றாம் வாரத்துக்குத் தள்ளினார்கள். டிக்கெட்டை ரத்து செய்ததில் 19,000 ரூபாய் போனது. மேலே சொன்ன 2,10,500இல் அது சேரவில்லை.

ஆகவே அறையை, கடைசி நேரம்வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள். சில நூறு ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை. விமானத்தில் மலிவான டிக்கெட்டுக்கும் தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான்கால் பெருக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் போவது எனக்கு உடன்பாடில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று அறை வாடகை உச்சத்தில் இருக்கும். பனியோ அப்போதுதான் சேரத் தொடங்கியிருக்கும். பிப்ரவரி முதல் பாதி நல்லது. ஏழாம் வகுப்பு மகளுக்கும் மூன்றாம் வகுப்பு மகனுக்கும் ஆறு நாள் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தோம். வீட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ இருந்தால் அந்த ஆண்டு வேண்டாம்.

படி 3: வழி

மதுரை - டெல்லி - ஸ்ரீநகர், போக வர, நால்வருக்கு 88,000. இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு விமானத்தில் முழு இருக்கை என்பதை நினைவில் வையுங்கள். குறைக்க நினைத்தால் டெல்லிவரை ரயில். மதுரையிலிருந்தே புறப்படும் சம்பர்க் கிராந்தி இருக்கிறது. திருக்குறள் எக்ஸ்பிரஸும் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது; 120 நாள் என்ற பழைய நினைப்பில் இருக்காதீர்கள். ஐந்து வயது நிரம்பிய குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

விமானத்தில் போனால் டெல்லி மூடுபனியையும் ஸ்ரீநகர் பனிப்பொழிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். திரும்பும்போது கடைசி இரவை ஸ்ரீநகரில் தங்குங்கள். அதே நாளில் குல்மார்க்கிலிருந்து இறங்கி விமானம் பிடிக்க நினைப்பது ஆபத்து.

இன்னொன்று. பனி விழுந்திருந்தால் உங்கள் கார் குல்மார்க்குக் கீழே இருக்கும் டங்மார்க்கோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டரும் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டியில்தான். பேக்கேஜ் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, முதலிலேயே கேளுங்கள். அங்கேயே நீள ரப்பர் பூட்ஸும் கனத்த கோட்டும் வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று சூழ்ந்துகொள்வார்கள். சறுக்கப் போகிறவர்களுக்கு இரண்டும் பயன்படாது.

படி 4: உடுப்பு

கொடைக்கானல் ஸ்வெட்டர் போதாது. குளிர் தாங்காது என்பதால் அல்ல. புதியவர் ஒரு நாளில் முப்பது முறையாவது பனியில் விழுவார், கம்பளி நனைந்து ஊறிவிடும். மேலே தண்ணீர் இறங்காத பேண்ட், ஜாக்கெட். உள்ளே செயற்கை இழையிலோ மெரினோ கம்பளியிலோ தெர்மல் உள்ளாடை. பருத்தி மட்டும் உடம்பை ஒட்டி இருக்கவே கூடாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு, நின்ற அடுத்த நிமிடமே உடம்பைச் சில்லிட வைக்கும். ஆண்டு முழுக்கப் பருத்தி உடுத்தும் நமக்கு இதை நம்புவது கடினம். என் கணவர் வழக்கமான பனியனோடு போய், பதினோரு மணிக்கே அறைக்குத் திரும்பி உடை மாற்றினார்.

கையுறையில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பின்னல் கையுறையைக் கழற்றியபோது மகனின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, ஜாக்கெட் ஜிப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கின. நல்ல நீர்புகாக் கையுறை கிடைத்த பிறகுதான் அவன் சிரித்தான். ஜாக்கெட்டுகளை டெல்லியில் இருக்கும் நாத்தனார் வீட்டில் இரவல் வாங்கியதால் எங்களுக்கு உடுப்புக்கு 22,000தான் ஆனது.

படி 5: கையில் பணம்

இந்தப் படியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வெளிமாநிலத்து பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். எனக்கும் என் கணவருக்கும் பிரீபெய்டு. ஸ்ரீநகரில் இறங்கியதும் இரண்டு போனிலும் சிக்னல் போனது. அறையில் வைஃபை இருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வாடகைக் கடையில் நால்வருக்கும் பூட்ஸ் மாட்டி, கொக்கிகளை இறுக்கி, பலகைகளைத் தோளில் சாய்த்தாயிற்று. பணம் கொடுக்கப் போனை எடுத்தால் இணைய இணைப்பு இல்லை. வங்கியிலிருந்து ஓடிபி வராது. அறைக்கு ஓடினால், இரவுப் பனியில் மின்சாரம் போய் வைஃபையும் நின்றிருந்தது. கையில் இருந்த ரொக்கம் 1,800 ரூபாய். கடைக்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு நீள நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டு, நாளை கொடுங்கள், குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்று கையசைத்து அனுப்பினார். அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன். ஆனால் எல்லாருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று நம்பி நீங்கள் கிளம்பக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். வங்கிக் கணக்கோடு இணைந்த எண் ஒன்றையாவது ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கினால் இணையம் கிடைக்கும். ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் போகும். அப்படி வாங்கினாலும் பழைய சிம்மைக் கழற்றிவிடாமல் இரண்டாவது இடத்தில் போடுங்கள், கழற்றினால் யுபிஐ செயலி மறுபடியும் பதிவு கேட்கும். ஸ்ரீநகரிலேயே 25,000 ரூபாய் ரொக்கமாக எடுத்து இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். கோண்டோலா என்னும் கேபிள் கார் டிக்கெட்டை வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் தீர்ந்துபோயிருக்கும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்து போஸ்ட்பெய்டுக்கு மாறிய ஒருவர், ஊர் திரும்பியதும் பிரீபெய்டுக்கு மாற முடியவில்லை என்று எழுதியிருந்தார். மறுபடி மாறக் காத்திருப்புக் காலம் உண்டு. அதுவரை வரும் பில்லையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: சரிவில்

குடும்பத்துக்கே ஒரு பயிற்றுநர் போதும். சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பூட்ஸ் அளவு, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். வீட்டிலேயே காகிதத்தில் பாதத்தை வரைந்து அளந்துகொண்டு போங்கள். உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை. குளிருக்கு இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும். நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்னே லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். இறுக்கமாக இருக்கிறது என்று மகன் அழுததால் பெரிய அளவு வாங்கித் தந்தேன். குதிகால் உள்ளே ஆடி, இரண்டே மணி நேரத்தில் முன்னங்கால் தோல் உரிந்தது. அவனுடைய அரை நாள் வீணாயிற்று.

கோண்டோலாவின் முதல் கட்டம் கோங்டூரி வரை. குழந்தைகளோடு ஒரு முறை போய் வாருங்கள். ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏறும் இரண்டாம் கட்டத்துக்குச் சறுக்குவதற்கென்று புதியவர்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை. அங்கிருந்து இறங்குவது தேர்ந்தவர்களின் வேலை. நாங்கள் திரும்பிய சில நாட்களில், பிப்ரவரி 22 அன்று, அந்த மலையில் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். காப்பீட்டுக்கு நாங்கள் 3,000 கொடுத்தோம். சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தில் தேடிப் படித்த பிறகே வாங்கினேன்.

கிளம்புமுன் இரண்டு மாதம் தொடையைப் பழக்குங்கள். நாங்கள் ஞாயிறுதோறும் கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளை ஏறி இறங்கினோம். அதற்குச் செலவே இல்லை.

2025இல் சேர்த்தது

ஜூன் 6 அன்று கட்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் தொடங்கியிருக்கிறது. டெல்லியிலிருந்து கட்ராவுக்கு ரயில், அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர். நேரம் இருப்பவர்களுக்கு வழிச்செலவில் பெரும்பகுதி மிச்சமாகும். ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடுமைக்குப் பிறகு போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். எந்தெந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்று கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ரத்து செய்யக்கூடிய முன்பதிவு அதற்கும் உதவும்.

எங்கள் அடுத்த கணக்கு ஆறு நாள் சறுக்கு, டெல்லிவரை ரயில் என்று எழுதிவைத்திருக்கிறேன். உடுப்புச் செலவு இந்த முறை இல்லை. மகனுக்கு மட்டும் பேண்ட் புதிதாக வேண்டும். போன வாரம் போட்டுப் பார்த்தபோது கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே நின்றது.