கொழும்பில் புது மீன் தொட்டி: மீன் விட முன்னர் தண்ணீரைத் தயார் செய்வது எப்படி?

தொட்டி, மோட்டர், கல், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்று இரவே மீனையும் விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கம். ஒரு வாரத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். கடைக்குப் போனால் நீல மருந்துப் போத்தல் ஒன்றைத் தருவார்கள். பெரும்பாலும் அது நோயே இல்லை, தண்ணீர் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

வேலை இரண்டு. குளோரினை எடுப்பது, கழிவைத் தின்னும் பக்டீரியாவை வளர்ப்பது. முதலாவதுக்கு ஒரு நாள் போதும். இரண்டாவதுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு மீன் வாங்கக் கிளம்புவதால்தான் இவ்வளவு மீன் சாகிறது.

1. தொட்டியும் கல்லும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 56 லீற்றர் பிடிக்கும். கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் 70 கிலோவை நெருங்கும். ஆடுகிற மேசை வேண்டாம், நேர் வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம். தொட்டியை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சவர்க்காரம் ஒரு சொட்டும் படக்கூடாது. கல்லை, அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, முருகைக்கல் வகைகளைத் தொட்டிக்குள் போடுவதற்கு முன் யோசியுங்கள். அவை தண்ணீரில் மெல்லக் கரைந்து அதன் கடினத்தன்மையைக் கூட்டும். சந்தேகமான கல் மேல் நாலு சொட்டு வினாகிரி விட்டால் நுரைக்கிறதா என்று தெரிந்துவிடும்.

2. குளோரின்

கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படுவது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. எங்கிருந்து வந்தாலும் குளோரின் போட்டுத்தான் வரும். நமக்கு அது பாதுகாப்பு. ஆனால் மீனின் செவுளை அது அரித்துவிடும், நாம் வளர்க்கப்போகும் பக்டீரியாவையும் கொல்லும்.

வாய் அகன்ற வாளிகளில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைக்கலாம். காற்றுக் குமிழி விடும் பம்ப் இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். ஃபிளட் வீட்டில் ஏழெட்டு வாளி வைக்க இடமேது? மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தே எனக்குச் சரியாகப்படுகிறது. போத்தலில் சொன்ன அளவு விட்டால் சில நிமிடங்களில் வேலை முடியும். மொட்டை மாடித் தாங்கியில் தண்ணீர் ஏற்கனவே நின்றிருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

3. பக்டீரியா வளர்ப்பு

மீன் தன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அது நஞ்சு. ஒரு வகை பக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதிகம் தேங்கவிடாமல் அவ்வப்போது தண்ணீரை மாற்றினால் நைட்ரேட்டால் பெரிய தொல்லை இல்லை. புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் போதிய அளவில் இருக்காது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஃபில்டரைப் போட்டு இரவு பகலாக ஓடவிடுங்கள். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போடுங்கள். அது அழுகி அமோனியா வரும், அதைத் தின்று பக்டீரியா பெருகும். இறால் ஒன்றைப் போடச் சொல்பவர்களும் உண்டு. பக்கத்து வீட்டாரோடு உறவு வேண்டுமென்றால் வேண்டாம்!

சில நாளில் தண்ணீர் பால்போல் கலங்கலாம். பதறி மாற்றாதீர்கள், தானே தெளியும். ஹீட்டருக்கும் காசு கொடுக்க வேண்டாம், கொழும்புச் சூடே போதும்.

சோதனைக் கிட் ஒன்று மட்டும் கட்டாயம் வாங்குங்கள். முதலில் அமோனியா ஏறும், அப்புறம் அது இறங்க நைட்ரைட் ஏறும். தினமும் சாப்பாடு போட்டும் இரண்டும் தொடர்ந்து சில நாட்கள் பூச்சியமாக இருந்து, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் ஃபில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைந்தபடி கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பழைய தண்ணீரைக் கேட்டு வாங்கிப் பலனில்லை, பக்டீரியா குடியிருப்பது ஸ்பொஞ்சிலும் கல்லிலும்தான். ஸ்பொஞ்சைப் பின்னாளிலும் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

மின்சாரம் நின்றால் ஸ்பொஞ்சுக்கு ஒட்சிசன் போகாது. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்த ஊர் இது. பட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

4. யாழ்ப்பாணத்து யோசனை இங்கே சரிவராது

ஊரிலிருக்கும் மாமா கிணற்றுத் தண்ணீரில் கப்பி மீனைக் கூட்டங்கூட்டமாக வளர்த்திருப்பார், உங்களையும் அப்படியே செய்யச் சொல்வார். அங்கே நிலத்தடியில் சுண்ணக்கல், கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும் கடின நீர். கப்பிக்கு அது பிடிக்கும். களனித் தண்ணீர் மென்நீர். பக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கும். மென்நீரில் அது சீக்கிரமே தீர்ந்து பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) சரியும். 6க்குக் கீழே போனால் பக்டீரியா ஏறக்குறைய நின்றுவிடும். வாரக்கணக்கில் அமோனியா இறங்காவிட்டால் முதலில் பிஎச்சைப் பாருங்கள். பாதித் தண்ணீரை மாற்றினால் மீண்டும் ஓடும். முன்பு யோசிக்கச் சொன்ன சிப்பியைக்கூட அப்போது ஃபில்டருக்குள் ஒரு சின்னப் பிடி வைக்கலாம்.

5. மீன் விடும் நாள்

முந்தின நாள் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறையுங்கள். புதுத் தண்ணீருக்கும் ஆன்டி குளோரின் உண்டு. முதலில் ஐந்தாறு சின்ன மீன் போதும். செர்ரி பார்ப் நம் நாட்டு ஈரவலய ஓடைகளின் மீன், மென்நீர் அதற்குப் பழக்கம். பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பையைக் கட்டியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. அன்று சாப்பாடு வேண்டாம். முதல் வாரம் தினமும் அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். எது தெரிந்தாலும் கால்வாசித் தண்ணீரை மாற்றி, அடுத்த நாள் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள்.