ஒரே ஃப்ரேசல் வெர்பின் பல பொருள்களைப் பிரித்தறிவது எப்படி?

தமிழில் சட்டை போடுகிறோம், விளக்கைப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்தும் போடுகிறோம். 'போடு' என்பதன் இத்தனை பொருள்களையும் நாம் மனப்பாடம் செய்ததில்லை. உடன் வரும் பெயர்ச்சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. ஒரு வினையுடன் 'அப்', 'ஆஃப்', 'டவுன்' போன்ற சிறு சொல் சேர்ந்து உருவாகும் ஆங்கில ஃப்ரேசல் வெர்பும் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. ஆகவே அதன் அர்த்தத்தைத் தேடுவதற்கு முன், வாக்கியத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் உண்டா என்று பாருங்கள்.

'தி பிளேன் டுக் ஆஃப்' என்பதில் செயப்படுபொருள் இல்லை, விமானம் மேலெழும்பியது. 'ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ்' என்றால் ஷூவைக் கழற்றினார். 'தி பிசினஸ் டுக் ஆஃப்' என்றாலோ, எழுவாய் வியாபாரமாக இருப்பதால், அது சூடுபிடித்தது என்று பொருள். அதேபோல் 'டர்ன் டவுன்' என்பதை அடுத்து 'வால்யூம்' வந்தால் ஒலியைக் குறைப்பது, 'ஆஃபர்' வந்தால் மறுப்பது.

மிகுதியாகத் தடுமாற வைப்பது 'கோ ஆஃப்'. 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்குகள் அணைந்தன என்று அறிந்தவர், 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்பதைப் படித்ததும் அலாரம் நின்றுவிட்டது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அங்கே அலாரம் அடித்தது என்பதே பொருள். குண்டு 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்தது, பால் என்றால் கெட்டுப்போனது. இருந்த நிலையை விட்டு விலகுவதாக 'ஆஃப்' என்பதைக் கருதினால் இவை ஓரளவு ஒன்றுபடும்: அலாரம் அமைதியை விட்டும், விளக்கு எரிவதை விட்டும், பால் நல்ல நிலையை விட்டும் விலகுகின்றன. இது நினைவில் நிறுத்த உதவும் வழியே தவிர எங்கும் செல்லும் விதியன்று; இருப்பினும் வெறும் பட்டியலைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து, தொடர் எங்கே முடிகிறது என்பதைக் கவனியுங்கள். 'மேக் அப் எ ஸ்டோரி' என்பது கதை கட்டுவது. இருவர் சண்டைக்குப் பின் 'மேட் அப்' என்றால் சமாதானமானார்கள். 'ஃபார்' சேர்ந்து 'மேக் அப் ஃபார் லாஸ்ட் டைம்' ஆனால் இழந்த நேரத்தை ஈடுகட்டுவது. 'லுக் இட் அப்' என்பது அகராதி போன்றவற்றில் தேடிப் பார்ப்பதையும், 'லுக் அப் டு ஹர்' என்பது அவரை மதித்துப் போற்றுவதையும் குறிக்கும்.

அகராதியைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துக்கொள்ளாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்து, உங்கள் வாக்கியத்தில் உள்ளதைப் போன்ற எழுவாயும் செயப்படுபொருளும் எதில் வருகின்றன என்று தேடுங்கள். குறிப்பேட்டிலும் 'டர்ன் டவுன் – மறு' என்று எழுதாமல், 'ஷி டர்ன்ட் டவுன் தி ஆஃபர்' என்று முழு வாக்கியமாகவே எழுதி வையுங்கள்.