ஐ-485 நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போக: அட்வான்ஸ் பரோல் வாங்கும் முறை

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு ஐ-485 என்ற விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஐ-131 போட்டாச்சா?" என்பதுதான். ஐ-131 என்பது அட்வான்ஸ் பரோலுக்கான, அதாவது வெளிநாடு போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதிக்கான படிவம். அது அங்கீகரிக்கப்பட்டு அட்வான்ஸ் பரோல் கைக்கு வருவதற்குள் விமானம் ஏறினால், ஐ-485-ஐ நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்1பி, எல்1 வேலை விசாக்களிலோ அவர்கள் குடும்பத்துக்கான எச்4, எல்2-விலோ இருந்து, அதே விசாவில் திரும்பி வருகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்களுக்குக் கிடையாது.

முதலில் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் தளத்திலிருந்து ஐ-131-இன் இப்போதைய பதிப்பை இறக்குங்கள். ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கும் இதே படிவம்தான், ஆனால் அது ஏற்கெனவே கிரீன் கார்டு கிடைத்தவர்களுக்கு. அவசரத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்துவிடாமல் அட்வான்ஸ் பரோல் என்று இருப்பதைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் ஐ-485-க்கு வந்த ஐ-797சி ரசீது நகல், பாஸ்போர்ட் நகல். கட்டணம்: 2007 ஜூலை 30 முதல் 2024 மார்ச் 31 வரை கட்டணத்தோடு ஐ-485 அனுப்பியவர்களுக்கு, அது நிலுவையில் இருக்கும்வரை ஐ-131 இலவசம். 2024 ஏப்ரல் 1 முதல் தனிக் கட்டணம், அப்போது வைத்தது 630 டாலர். அனுப்பும் நாளில் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐ-131 ரசீது வந்துவிட்டது, போகலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கூடாது. ரசீது அனுமதி ஆகாது. முதல்முறை விண்ணப்பித்துவிட்டு, அது முடிவதற்குள் கிளம்பினால் எச்1பிக்காரர்களுக்கும் அந்த ஐ-131 போய்விடும், ஐ-485 தப்பித்தாலும்.

அவசரம் என்றால்? என் தோழியின் அப்பா மதுரையில் ஐசியூவில் இருந்தார், அவளிடம் பரோல் இல்லை. யூஎஸ்சிஐஎஸ் எண்ணான 1-800-375-5283-க்குப் போன் போட்டு உள்ளூர் அலுவலகத்தில் அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்டாள். மருத்துவமனை முதலில் கொடுத்த கடிதத்தில் "அனுமதிக்கப்பட்டுள்ளார்" என்று ஒரே வரி. நோய் எவ்வளவு தீவிரம் என்றும் இல்லை, இவள் மகள் என்றும் இல்லை. அவள் தம்பி ராத்திரி பதினொரு மணிக்கு டாக்டரைப் பிடித்து, லெட்டர்ஹெட்டில் சீலோடு மறுபடி வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எனவே கடிதத்தில் என்ன வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் இருந்தால், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிக் கையெழுத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் கட்டாயம்.

விசா காலம் முடிந்தும் தங்கியவர்கள், நாடுகடத்தல் வழக்கோ போலீஸ் வழக்கோ உள்ளவர்கள் வக்கீலைப் பார்க்காமல் டிக்கெட்டே போடாதீர்கள். பரோல் கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா என்பது விமான நிலைய அதிகாரியின் முடிவு.

பரோல் மூலத்தைக் கைப்பையில் வையுங்கள், இந்தியாவில் போர்டிங் பாஸ் கவுண்டரிலேயே கேட்பார்கள். அதில் போட்டிருக்கும் தேதிக்குள் திரும்பி வந்தாக வேண்டும். இறங்கியதும் தனி அறைக்கு அனுப்பி உட்கார வைக்கலாம், பரோலில் வருகிறவர்களுக்கு அது வழக்கம்தான், பயப்படாதீர்கள். அடுத்த விமானம் பிடிக்க வேண்டுமானால் நடுவில் மூன்று நான்கு மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் நுழைவுப் பதிவான ஐ-94-ஐ இறக்கிப் பெயரும் தேதியும் சரியா என்று பாருங்கள்.