எதுகை மோனை தேடும்போது பிள்ளைகள் செய்யும் தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். மே மாதம் அன்னையர் தினமும் ஆசிரியர் தினமும் வரும், ஆகஸ்டில் சுதந்திர மாதக் கவிதைப் போட்டி வரும். எழுத உட்கார்ந்த உடனே கைப்பேசியை எடுத்து, ஒரே மாதிரி முடியும் சொற்களைத் தேடுவார்கள். அந்தத் தேடலிலேயே முதல் தவறு இருக்கிறது.

சொல்லின் கடைசியில்தான் ஓசை ஒத்துவர வேண்டும் என்று அவர்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு. மலாய்ப் பாடத்தில் பந்துன் என்ற கவிதை வகையைப் படிக்கிறார்கள். நான்கு அடிகள், முதல் அடியின் கடைசி ஓசை மூன்றாம் அடியிலும், இரண்டாம் அடியின் ஓசை நான்காம் அடியிலும் திரும்ப வரும். ஆங்கிலக் குழந்தைப் பாட்டிலும் ஓசை ஒப்பது வரியின் கடைசியில்தான். அதே பழக்கத்தோடு தமிழுக்கு வருகிறார்கள். நம்மிடமும் அது உண்டு, இயைபு என்று பெயர். ஆனால் தமிழ்ச் செய்யுள் அதைவிட அதிகம் நம்பியிருப்பது சொல்லின் தலைப்பக்கத்தை. முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை.

கடைசி ஓசையை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை செய்த தன் பாட்டியைப் பற்றி ஒரு சிறுமி எழுதிக்கொண்டு வந்தாள்: 'அதிகாலை எழுந்தாய், பால்மரம் வெட்டினாய், வீட்டுக்கு வந்தாய், சோறு சமைத்தாய்.' நான்கு வரியும் 'ஆய்' என்றுதான் முடிகிறது. ஆனால் இதில் அவள் தேடிக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. 'நீ' என்று தொடங்கினால் எந்த இறந்தகால வினையும் 'ஆய்' என்றே முடியும். இலக்கணம் இலவசமாகக் கொடுத்த ஓசை அது. 'கிறேன்', 'வார்கள்', 'உம்' எல்லாம் அப்படித்தான். வரி முழுக்க அவற்றையே அடுக்கினால் காது சீக்கிரம் சலித்துவிடும்.

அவளிடம் 'தோட்டம்' என்ற சொல்லைப் பிடிக்கச் சொன்னேன். இரண்டாம் எழுத்து 'ட்'. ஆட்டம், கூட்டம், வாட்டம் என்று அவளே அடுக்கினாள். சரி, கடைசியில் வரும் 'டம்' கட்டாயம் இல்லை, அதை விட்டுவிட்டுத் தேடு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டீச்சர், பாட்டி!" என்று கத்தினாள். தோட்டமும் பாட்டியும் எதுகை. அவள் எழுத வந்த இரண்டு முக்கியமான சொற்களும் ஏற்கெனவே ஒத்த ஓசையில் இருந்திருக்கின்றன, கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை. இருவரும் சேர்ந்து திருத்தி எழுதியது இது:

தோட்டத்து இருட்டில் துணிவாய் நடந்த
பாட்டியின் கையில் பால்மர வாசம்

இரண்டு வரிகளின் முடிவும் ஒத்துப்போகவில்லை. ஆனால் வாய்விட்டுப் படித்தால் கட்டாகவே கேட்கிறது. 'தோ'வுக்குத் 'து', 'பா'வுக்குப் 'பா' என்று வரிக்குள்ளே மோனையும் வந்துவிட்டது.

எதுகையில் அடிக்கடி நடக்கும் பிழை, முதல் எழுத்தின் அளவை மறப்பது. இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது; முதல் எழுத்து குறில் என்றால் குறில், நெடில் என்றால் நெடில். பட்டும் பாட்டும் எதுகை ஆகா. பட்டு, கட்டு, மெட்டு ஒரு கூட்டம். பாட்டு, வீட்டு, கேட்டு இன்னொரு கூட்டம். இதை விதியாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. கைதட்டிக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள், தாளம் இடறும் இடத்தை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

காதை மட்டும் நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. மரம், மறம் இரண்டும் நம் பேச்சில் ஒரே மாதிரிதான் கேட்கும், ஆனால் ர இடையினம், ற வல்லினம். பழம், பலம், வளம் மூன்றையும் ஒரே வரிசையில் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. ல, ள, ழ மூன்றும் இடையினம் என்பதால் இன எதுகை என்று இலக்கணம் இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள். அப்புறம் வாழைப்பலம் என்று எழுதுவார்கள், திருத்துவது கடினம்.

மோனையில், ஒரே மெய்யில் தொடங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். கடலும் கிளியும் மோனை இல்லை. கடலுக்குக் காற்று சேரும், கிளிக்குக் கேணி சேரும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களிலும் ச–த, ஞ–ந, ம–வ சேர்ந்து போகும். 'மலேசியா வாழ்க' என்பதில் மோனை இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை.

இனி, சொற்களை எங்கே தேடுவது? அகராதி முதலெழுத்து வரிசையில் இருப்பதால் மோனைக்கு உதவும், எதுகைக்கு உதவாது. நம் முன்னோர் இதை யோசித்திருக்கிறார்கள். சொற்பொருள் கூறும் பழைய நூலான சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்று தொடைக்காகவே, அதாவது எதுகை போன்ற ஓசை ஒப்புக்காகவே, எழுதப்பட்டது. பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழ்ச் சொற்கள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்குவதில்லை. உயிரெழுத்துகளையும் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ வரிசைகளையும் மாற்றி மாற்றித் தலையில் வைத்துப் பார்த்தாலே போதும். அதோடு, பள்ளியில் மனப்பாடம் செய்த இணைமொழிகளும் பழமொழிகளும் கையில் இருக்கின்றன. 'சுற்றும் முற்றும்' எதுகை, 'ஏழை எளியவர்' மோனை, 'ஆடிப்பட்டம் தேடி விதை' எதுகை. தேர்வு முடிந்ததும் இவற்றை மறந்துவிடுவதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

பட்டியலில் கிடைத்துவிட்டது என்பதற்காக ஒரு சொல்லை வரிக்குள் திணிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பொருள் தெரியாத சொல் கவிதையில் வந்து உட்கார்ந்தால் எழுதியவருடைய குரல் அதில் இருப்பதில்லை. அன்னையர் தின மடலுக்கு ஒரு பையன் 'அம்மா'வுக்குப் பொருந்தும் சொற்களைத் தேடினான். கைப்பேசி கொடுத்தது 'சும்மா' ஒன்றுதான். நிம்மதி, செம்மை, தும்மல் எல்லாம் எதுகைதான், கடைசி எழுத்து வேறு என்பதால் அதில் வரவில்லை. நிம்மதியை வைத்து எழுதிப் பார் என்றேன். அவன் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்து நோட்டை நீட்டினான். நான்கு வரிகளில் மூன்று சாதாரணமாக இருந்தன. நான்காவது வரி: 'அம்மா ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.' மற்ற மூன்றையும் அவனே அடித்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் மடலில் எழுதினான்.