கிரெடிட் கார்டில் ரீஃபண்ட் வந்து மைனஸ் காட்டுகிறதா? பணத்தை வங்கிக் கணக்குக்கு வாங்கும் வழி

ஆன்லைனில் வாங்கிய வாஷிங் மெஷின் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். 31,400 ரூபாய் கார்டுக்கே திரும்பி வந்தது. ஆனால் ஆட்டோ டெபிட் அந்த மாத பில் முழுவதையும் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. ஆப்பைத் திறந்தால் நிலுவைத் தொகைக்கு முன்னால் ஒரு மைனஸ். கஸ்டமர் கேரில் பேசியவர், "அதை அப்படியே செலவு பண்ணிக்கலாம் சார், அடுத்த பில்லுல கழிஞ்சிடும்" என்றார். கழியும்தான். ஆனால் கார்டில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது, வாடகையும் பள்ளிக் கட்டணமும் போவது சேமிப்புக் கணக்கிலிருந்து. அதனால் கேட்டே வாங்கினேன். நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். இது இந்திய வங்கிகளின் கார்டுகளுக்கு மட்டும்.

படி 1: வரவேண்டியது ரீஃபண்ட்தானா?

ஆர்டர் போட்ட சில மணி நேரத்தில் கேன்சல் செய்தால் பல சமயம் ரீஃபண்ட் என்று தனி வரியே வராது. கடைக்காரர் பக்கம் பணம் போய்ச் சேரும் முன்பே பரிவர்த்தனை ரத்தாகி, பிடித்து வைத்த லிமிட் விடுபடும், அவ்வளவுதான். ஹோட்டல் முன்பதிவிலும் இப்படி நடக்கும். ஸ்டேட்மெண்டில் அந்தச் செலவே இல்லை என்றால் தேடுவதற்கு ரீஃபண்டும் இல்லை. செலவு ஏறியிருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

படி 2: கடையிடம் ஏஆர்என் கேளுங்கள்

"நாங்கள் அனுப்பிவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்" என்பார் கடைக்காரர். "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்பார்கள் வங்கியில். இந்தப் பந்தாட்டத்தை நிறுத்துவது ஏஆர்என் (அக்வயரர் ரெஃபரன்ஸ் நம்பர்) என்கிற 23 இலக்க எண். ரீஃபண்ட் உண்மையிலேயே அனுப்பப்பட்டிருந்தால் கடையின் பேமெண்ட் கேட்வேயில் அது இருக்கும். கடையின் சப்போர்ட் சாட்டில் "ரீஃபண்ட் ஸ்டேட்டஸ்" என்று கேட்காதீர்கள், ஆறுதல் வாக்கியம்தான் வரும். "இந்த ஆர்டருக்கான ஏஆர்என் கொடுங்கள்" என்று கேளுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் அனுப்பவே இல்லை என்று அர்த்தம். கொடுத்துவிட்டால் அந்த எண்ணை வைத்து வங்கி தேடிப் பார்க்கலாம்.

படி 3: பில் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் வந்தால்

எல்லாக் குழப்பமும் இங்கேதான். என் பில்லையே எடுத்துக்கொள்வோம். 12-ஆம் தேதி ஸ்டேட்மெண்ட் வந்தது, மொத்தம் 38,600 ரூபாய். கட்ட வேண்டிய கடைசித் தேதி அடுத்த மாதம் 1. ரீஃபண்ட் 31,400 ரூபாய் 18-ஆம் தேதி வந்தது. இப்போது கட்ட வேண்டியது 38,600 ரூபாயா, 7,200 ரூபாயா?

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு அந்த ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த கார்டு விதிகளில் இதற்குப் பதில் இருக்கிறது. நீங்கள் இன்னும் பில் கட்டவில்லை, கடைசித் தேதிக்கு முன் ரீஃபண்ட் வந்துவிட்டது என்றால், அதைக் கட்ட வேண்டிய தொகையில் உடனே கழித்து உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது 7,200 ரூபாய்.

விதி அப்படி. ஆப்பில் பார்க்கும்போது இரண்டு எண்கள் தெரியும்: 'மொத்த நிலுவை' ஒன்று, 'இந்த பில்லுக்குக் கட்ட வேண்டியது' இன்னொன்று. ரீஃபண்ட் வந்ததும் முதல் எண் உடனே குறைகிறது. இரண்டாவது எண் குறைந்ததா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அந்தத் தொகையை மட்டும் கட்டுங்கள். குறையவில்லை என்றால் வங்கிக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள், கடைசித் தேதி நெருங்கியும் பதில் இல்லையென்றால் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். விதி நம் பக்கம் இருக்கிறது என்று ரோஷப்பட்டு 7,200 ரூபாய் மட்டும் கட்டி, வங்கியின் கணினி அதைக் குறைவான கட்டணமாக எடுத்துக்கொண்டால், பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். பிறகு சண்டை போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் அந்தச் சண்டைக்கு நேரம் யாரிடம் இருக்கிறது? கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது அதைவிடச் சுலபம்.

ஆட்டோ டெபிட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. எடுக்க வேண்டிய தொகை கடைசித் தேதிக்குச் சில நாள் முன்பே உறுதியாகி விடுவதால், கடைசி நேரத்தில் வரும் ரீஃபண்டை அது கண்டுகொள்ளாமல் போகலாம். என் கார்டில் 18-ஆம் தேதியே வந்த ரீஃபண்டைக்கூட அது கண்டுகொள்ளவில்லை. இதற்காக ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடாதீர்கள். மறதிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

பில் கட்டும் தனியார் ஆப்புகளை இந்த விஷயத்தில் நான் நம்புவதில்லை. ஸ்டேட்மெண்ட் வந்த அன்றைய தொகையையே அவை பிடித்துக்கொண்டு நிற்கும். வங்கியின் சொந்த ஆப்பையோ நெட் பேங்கிங்கையோ பாருங்கள்.

படி 4: மைனஸ் என்றால் உங்கள் பணம்

ஆப்பில் மைனஸ், ஸ்டேட்மெண்டில் தொகைக்குப் பக்கத்தில் 'சிஆர்' (கிரெடிட், அதாவது வரவு). இரண்டும் வங்கி உங்களுக்குத் தர வேண்டியது என்றுதான் சொல்கின்றன. என் கணக்கில் இடையில் 4,100 ரூபாய்க்குப் புதிய செலவுகள் ஏறியிருந்ததால் 31,400 ரூபாய் போய் 27,300 ரூபாய் மைனஸ் நின்றது. கேட்க வேண்டியது இந்தக் கடைசித் தொகையைத்தான். இன்னும் கணக்கில் ஏறாமல் 'பெண்டிங்' என்று நிற்கும் செலவு இருந்தால் அது ஏறும்வரை பொறுத்துக் கேளுங்கள். இல்லையென்றால் கேட்ட தொகை ஒன்று, இருக்கும் தொகை ஒன்று என்று விண்ணப்பம் திரும்பி வரலாம்.

பில் கட்டிய பிறகு வரும் ரீஃபண்டுக்கு அதே விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது. கார்டு லிமிட்டில் ஒரு சதவீதம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. லிமிட் ஒன்றரை லட்சம் என்றால் 1,500 ரூபாய். எட்டு லட்சம் என்றால் 5,000 ரூபாய். இதற்கு மேல் வந்த ரீஃபண்டைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள வங்கி ஏழு நாளுக்குள் எஸ்எம்எஸ் அல்லது மெயிலில் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் பதிலே சொல்லவில்லை என்றால் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஆகவே விளம்பர எஸ்எம்எஸ் கூட்டத்தில் அப்படி ஒன்று வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அவசரப்பட்டு சம்மதம் சொல்லிவிடாதீர்கள். அதிலுள்ள லிங்க் எதையும் தொடவும் வேண்டாம். ரீஃபண்ட் என்ற பெயரில் ஓடிபி கேட்டு அழைப்பவர்கள் எல்லோரும் திருடர்கள். ரீஃபண்ட் வர ஓடிபி தேவையே இல்லை.

படி 5: எழுதிக் கேளுங்கள்

வரம்புக்குக் கீழே இருந்தாலும் சரி, நீங்களாகக் கேட்டால் மூன்று வேலை நாளுக்குள் வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும். போனில் கேட்டால் சாட்சி இல்லை. சாட்பாட்டுக்கு இந்தக் கேள்வியே புரியாது. என் சிபாரிசு நெட் பேங்கிங்குக்குள் இருக்கும் மெசேஜ் பெட்டி, அடுத்தது பதிவு செய்த மெயில் முகவரியிலிருந்து ஒரு மெயில். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"கடைசி நான்கு இலக்கம் இன்னது என்ற என் கார்டில் 27,300 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. அதைக் கார்டில் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. கீழே உள்ள என் சேமிப்புக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி மூன்று வேலை நாளுக்குள் அனுப்பவும். புகார் எண் தரவும்."

கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கணக்கில் உள்ளபடி பெயர். வேறு வங்கியின் கணக்கு என்றால் கேன்சல் செய்த காசோலையின் படமும் சேருங்கள். முழுக் கார்டு எண்ணை மட்டும் எங்கும் எழுதாதீர்கள்.

புகார் எண் வந்த பிறகும் அசையவில்லை என்றால் அதே வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்கிற புகார்த் தளத்தில் ஒம்பட்ஸ்மனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. சம்மதமில்லை என்ற வரியும் விதியின் பெயரும் இருந்த மெயிலுக்கே வேலை நடந்தது.

பின்சேர்க்கை: கேள்விகள் வந்ததால்

இனிஷியல் பிரச்சினை. கார்டில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். பெயர் ஒத்துப்போகவில்லை என்று பணம் திரும்பிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். பான் கார்டில் உள்ள பெயரோடு பொருந்தும் கணக்கைக் கொடுங்கள். மனைவி, பிள்ளைகள் கணக்கைக் கொடுத்தால் நடக்காது.

ஈஎம்ஐயில் வாங்கிய பொருள். இதுதான் மோசமானது. பொருள் திரும்பிப் போகும், ரீஃபண்ட் வரும், ஈஎம்ஐ மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும். வங்கிகளுக்கு அது தனிக் கடன். ரீஃபண்ட் வந்த உடனே "இந்த ஈஎம்ஐயை ரத்து செய்யுங்கள்" என்று தனியாக எழுத வேண்டும். அதுவரை அந்தப் பணத்தைக் கணக்குக்கு மாற்றாதீர்கள், மீதிக் கடனை அடைக்க அது வேண்டும். பிராசஸிங் கட்டணமும் அதுவரையிலான வட்டிக்குப் போட்ட ஜிஎஸ்டியும் பொதுவாகத் திரும்பாது, வட்டியில்லாத 'நோ காஸ்ட்' ஈஎம்ஐ என்று விற்றிருந்தாலும்.

தொகை குறைவாக வந்திருக்கிறதே? வெளிநாட்டுத் தளம் என்றால் ரீஃபண்ட் வரும் நாளின் மாற்று விகிதம்தான், வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் மார்க்அப் கட்டணமும் பெரும்பாலும் போனதுதான். ஐஆர்சிடிசி டிக்கெட் என்றால் ரத்துக் கட்டணத்தோடு கன்வீனியன்ஸ் கட்டணமும் திரும்பாது. செலவுக்குக் கிடைத்த ரிவார்டு பாயிண்டுகளையும் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும், அது நியாயம்தான்.

ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாமா? வேண்டாம். உங்கள் பணமே கார்டில் இருந்தாலும் கிரெடிட் கார்டைச் சொருகி எடுத்தால் ரொக்க முன்பணக் கட்டணம் போடுவார்கள்.

கார்டையே மூடப் போகிறேன், அதில் கொஞ்சம் பணம் இருக்கிறது. நிலுவை எதுவும் இல்லையென்றால் கேட்ட ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மிச்சப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், அதனால் கணக்கு விவரத்தை மூடச் சொல்லும் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். வர வேண்டிய ரீஃபண்ட் ஏதாவது பாக்கியிருந்தால் அது வந்த பிறகே மூடுங்கள்.