மரத்துக்குச் சாயம் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து மர அறுவை மில்களில் வைரம் பாய்ந்த தேக்காகத் தேடி வாங்கி நிலையும் கதவும் செய்கிறவர்கள்கூட, அதற்கு நிறம் ஏற்றும் வேலையைக் கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய அவசரத்தில் தள்ளிவிடுகிறார்கள். பெயிண்ட் மரத்தின் மேல் நிற்பது. பிடிக்கவில்லையென்றால் அதன்மேல் வேறு நிறம் அடித்துக்கொள்ளலாம். ஸ்டெயின் என்னும் மரச்சாயமோ துளைகளுக்குள் இறங்கிவிடுவதால், பிழை நேர்ந்தால் பெரும்பாலும் மரத்தையே மறுபடி இழைக்க வேண்டியிருக்கும்.

தவறு கடையிலேயே தொடங்கிவிடுவதுண்டு. சுவர் பெயிண்டில் நிறம் கூட்டுவதற்காகச் சிறு புட்டிகளில் விற்கும் ஸ்டெயினர் வேறு, மரத்துக்கான வுட் ஸ்டெயின் வேறு. கேட்கும்போதே மரத்துக்கு என்று சொல்லிக் கேட்பது நல்லது. ஸ்டெயின் நிறத்தைத்தான் தரும், காப்பைத் தராது. அதன்மேல் துளைகளை அடைக்கும் சீலரும், மெலமைன் போன்ற ஒரு பாலிஷும் ஏறினால்தான் தண்ணீரும் கைப்பிசுக்கும் மரத்தில் இறங்காமல் இருக்கும்.

நம் ஊரில் அதிகம் கெடுவது வாசல் நிலைதான். நிலை வைக்கும் நாளில் பாலிஷ் காணாத மரத்தில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்கிறோம். பின்னால் அந்த மஞ்சளைப் போக்கச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், காரம் பட்டதும் அது செந்நிறமாக மாறிவிடும். அப்படியே விட்டுவிட்டு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் போட்டாலோ, அந்த ஸ்பிரிட் மஞ்சளைக் கரைத்துச் சுற்றிலும் பரப்பிவிடும். சாயம் ஏற்றுவதற்கு முன்பே, வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் மஞ்சள் இறங்குவது நிற்கும் வரை துணியை மாற்றி மாற்றி ஒற்றியெடுத்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட வேண்டும். சடங்கைக் குறைக்க வேண்டியதில்லை. வேலை செய்யும் முறையை மாற்றினால் போதும்.

பூச்சுவேலையின்போது தெறித்த சிமெண்டுப் பாலும் ஈரத்தில் துருப்பிடித்த ஆணியும் மரத்தில் கருங்கறை விடும். மரத்தின் துவர்ப்பொருளும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு உண்டாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியது இதே வினையைக் கொண்டுதான். இந்தக் கறையை மறைக்க இன்னும் கருத்த சாயத்தைப் பூசுவது பெரிய தவறு, ஏனென்றால் அந்த இடம் மட்டும் எப்போதும் ஒரு படி கூடுதலாகவே கருத்துத் தெரியும். இரும்புக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் வெந்நீர் விட்டுக் கரைத்துப் பூசி, கறை வெளுத்ததும் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். அது நஞ்சு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது.

உப்புத்தாளை இழை ஓட்டத்துக்குக் குறுக்கே தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்கூடச் சாயம் பட்டதும் கருங்கோடுகளாக எழும். 120, 180, 220 என்று படிப்படியாக, ஓட்டத்தோடே தேய்க்க வேண்டும். தண்ணீரில் கரைத்த சாயமானால், முதலில் வெறும் தண்ணீரால் துடைத்து, எழும்பிய நாரைக் காய்ந்தபின் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். மூட்டுகளில் வழிந்து உறைந்த பசை சாயத்தை ஏற்காது; குறுக்குவெட்டு முனைகளோ மிகுதியாகக் குடித்துக் கருத்துவிடும். மரத்தின் உட்பகுதியான வைரமும் வெளிப்பகுதியான வெளிறும் ஒரே நிறத்தை வெவ்வேறாகக் காட்டும் என்பதால், கடையிலுள்ள மாதிரி அட்டையை நம்பாமல், அதே மரத்தின் துண்டில் சாயமும் பாலிஷும் முழுவதுமாக ஏற்றிப் பார்ப்பதே சரி. பூசியதை அப்படியே காயவிடாமல், மிகுந்த சாயத்தை ஈரத்திலேயே துடைத்தெடுக்க வேண்டும்.

மேற்கு வெயில் அறையும் கதவுக்கு, கரைந்து நிற்கும் சாயங்களைவிட நிறமித்தூள் கலந்த ஸ்டெயின் நிறம் மங்காமல் நெடுநாள் தாங்கும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பிரெஞ்சு பாலிஷ் போட்டால் காற்றின் ஈரத்தால் வெண்மை பூத்துவிடும். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் வெயில் நாளுக்குக் காத்திருக்கலாம்.

ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் கூடி, துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். அதை வெளியே ஒற்றையாக விரித்து முழுதும் காயவிட்டு, அல்லது தண்ணீரில் அமிழ்த்தி மூடி வைத்து, அதன் பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.