பழைய எஃப்-டைப் வாங்கிச் சென்னையில் ஓட்டுவது எப்படி

என்னிடம் இருப்பது 2014-ஆம் வருஷத்து ஜாகுவார் எஃப்-டைப் வி6 எஸ், கூப்பே (ஆறு சிலிண்டர் எஞ்சின், மடங்காத கூரை). 2020 டிசம்பரில் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தேன். அன்றிலிருந்து திருவான்மியூரில், கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி நிற்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா ஆரம்பித்த லேத் பட்டறையை இப்போது நான்தான் நடத்துகிறேன். அலுமினிய பாகங்கள் கடைவதுதான் எங்கள் பிழைப்பு. அதனால் இந்த வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் தடவிப் பார்த்தேன். கூப்பேயின் பக்கவாட்டு உடல் முழுவதும் ஒரே அலுமினியத் தகட்டில் அழுத்தி எடுத்தது. கண்ணாடித் தூணில் விரலை வைத்துப் பின் விளக்கு வரை இழுத்துக்கொண்டு போங்கள், ஒரு இணைப்பு தட்டுப்படாது. பின் சக்கரத்துக்கு மேலே திரண்டு நிற்கும் அந்த வளைவைத் தகடு கிழியாமல் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்பது பிரஸ் ஷாப்பில் ஒரு நாள் நின்றவர்களுக்குத் தெரியும்.

வாங்கியபோது கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அந்தக் காசுக்கு ஒரு போர்ஷே 911 பார்த்திருக்கலாமே?" 2013-இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து 2024-இல் தயாரிப்பு நின்றது வரை இந்த வண்டி 911-இன் நிழலிலேயே ஓடியது. இயன் கேலம் தலைமையில் வரைந்த அழகான வண்டி, முன்னால் எஞ்சின், பின் சக்கரத்துக்கு இழுவை, நாள் முழுக்க உட்கார்ந்து போகக்கூடிய இருக்கை. எல்லாம் இருந்தும் "ரிப்பேர் செலவு ஆளையே முழுங்கிவிடும்" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. அந்தப் பேச்சால்தான் பழைய வண்டி மலிவாகக் கிடைக்கிறது. நான் பார்த்தவரை எஃப்-டைப்பைக் கெடுப்பது கிலோமீட்டர் இல்லை. சூடும், சும்மா நிற்பதும்தான். இரண்டுக்கும் சென்னையில் பஞ்சமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எந்த எஞ்சின் என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். 5 லிட்டர் வி8 பிரமாதம்தான், ஆனால் நம் ஊர் சிக்னல்களுக்கு நடுவே அதன் பலம் வெறும் சூடாக மாறி பானெட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2017-இல் வந்த 2 லிட்டர் நாலு சிலிண்டர் லேசானது, சிக்கனமானது. ஆனால் சத்தத்துக்காக இந்த வண்டியை விரும்புகிறவர்களுக்கு அது போதாது. சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த 3 லிட்டர் வி6-தான் நடுவழி. சாதாரண வி6-க்கு 340 குதிரைத்திறன், எஸ்-க்கு 380. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வி6, வி8-இன் அடிப்படையிலேயே இரண்டு சிலிண்டரை விட்டுவிட்டுச் செய்தது. ஆகவே வி8-க்குச் சொல்லப்படும் பழுதுகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும். இரண்டையும் பற்றிப் படியுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது என்னோடு ஒரு வயதான மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போனேன். அவர் ஜாகுவாரைத் தொட்டதே இல்லை. ஆனால் போனவுடன் பானெட் மேல் கையை வைத்தார். "சூடா இருந்தா இன்னைக்கு வண்டிய பாக்கவே வேணாம்மா, திரும்பிப் போயிடலாம்" என்றார். விற்கிறவர் முன்கூட்டியே எஞ்சினை ஓட்டி வைத்திருந்தால், குளிர்ந்த எஞ்சின் சொல்லும் உண்மை எதுவும் காதில் விழாது. முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பெரிய உறுமல் வரும், அது இயல்பு. அதற்குப் பிறகு ஐடிலில் முன்பக்கத்திலிருந்து கோலிக்குண்டை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வந்தால், சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் இணைப்பான கப்ளர் தேய்ந்திருக்கிறது. மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சங்கிலி உரசுகிற மாதிரிச் சத்தம் சில வினாடி வந்து நின்றால் எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயினைச் சந்தேகப்படுங்கள். அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

பெயின்ட் பார்க்கும்போது நம் ஊர்ப் புரோக்கர்கள் பாக்கெட்டிலிருந்து எடுக்கும் காந்தம் இங்கே உதவாது. பட்டி பூசியிருக்கிறதா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பது இரும்புத் தகட்டுக்குத்தான். அலுமினியத்தில் காந்தம் எங்கேயும் ஒட்டாது. இரும்பு அல்லாத உலோகத்திலும் அளக்கிற பெயின்ட் கேஜ் ஒன்றை வாடகைக்காவது எடுத்துப் போங்கள். அடிபட்ட அலுமினிய உடலை டிங்கரிங் கடையில் இரும்புச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தியிருந்தால், இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் அங்கே பெயின்ட் கொப்புளிக்கும். கடற்காற்று அடிக்கிற இடத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேருகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கதவின் அடிவிளிம்பையும் சக்கர வளைவின் உள்விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வாங்கிய பிறகு வாரம் ஒரு முறை அந்த இடங்களில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம்.

வெளி மாநில வண்டி என்றால் என்.ஓ.சி., தமிழ்நாட்டு வாழ்நாள் வரி, புது நம்பர் எல்லாம் உண்டு. வரி சின்னத் தொகை இல்லை. விலை பேசுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கூலன்ட்.

இந்த எஞ்சினில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஓடும் குழாய்கள் சில பிளாஸ்டிக். ஒன்று முன்னால் இருக்கிறது, எட்டிப் பார்த்தால் தெரியும். இன்னொன்று பின்னால், சூப்பர்சார்ஜருக்கு அடியில். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் இறுகிப்போகும். பிறகு ஒட்டு வைத்த விளிம்பில் மயிரிழை விரிசல் விடும். தரையில் சொட்டாது. சூடான எஞ்சின் மேலேயே கசிந்து ஆவியாகிவிடும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் இரண்டுதான்: கூலன்ட் நிற்கும் சின்னத் தொட்டியில் மட்டம் மெல்லக் குறையும், ஓட்டிவிட்டு இறங்கும்போது வெல்லப்பாகு கருகுகிற மாதிரி ஒரு தித்திப்பு வாசனை வரும். என் வண்டியில் 2022 ஏப்ரலில் அந்த வாசனை வந்தது. பானெட் இந்த வண்டியில் முன்பக்கம் கீல் வைத்து, மூக்கை நோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முழு எஞ்சினும் பக்கவாட்டிலிருந்தே கைக்கு எட்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் முன் குழாயின் விளிம்பில் காய்ந்துபோன ஆரஞ்சுக் கோடு ஒன்று உப்புப் பூத்த மாதிரி தெரிந்தது. வண்டியை அன்றே நிறுத்திவிட்டேன்.

கழற்றி எடுத்த பழைய குழாயை மெக்கானிக் அண்ணன் என் கையில் கொடுத்தார். இரண்டு விரலால் லேசாக அழுத்தினேன். நாள்பட்ட வறுக்கி மாதிரி நொறுங்கியது. அது சாலையில் நொறுங்கியிருந்தால் ஒரு நிமிஷத்தில் கூலன்ட் முழுக்கக் கொட்டி, கவனிக்காமல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, எஞ்சினே போயிருக்கும். "எஞ்சின் போச்சு" என்று கேள்விப்படும் கதைகளில் பல இப்படி ஒரு குழாயில் தொடங்கியவைதான் என்பது என் எண்ணம்.

ஆகவே வாங்கிய முதல் மாதத்திலேயே, கசிந்தாலும் கசியாவிட்டாலும், எல்லாக் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். பின் குழாயை எட்ட சூப்பர்சார்ஜரைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியதுதான் கழற்றினோம் என்று கப்ளர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் அதே கூலியில் முடித்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் செய்த மாற்றுக் குழாய்கள் கிடைக்கின்றன. நான் அதைத்தான் போட்டேன். ஊற்ற வேண்டியது ஆரஞ்சு நிற ஓஏடி (ஆர்கானிக் ஆசிட்) வகைக் கூலன்ட், பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். எனக்கு ஒரு சர்வீஸ் கடையில், கேட்காமலே பச்சைக் கூலன்டை மேலே நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வகையும் கலந்தால் சேறு மாதிரி திரிந்து ரேடியேட்டரை அடைக்கலாம். முழுவதும் வடித்து, மூன்று முறை அலசி, திரும்ப நிரப்ப வேண்டியதாயிற்று. அதிலிருந்து கூலன்டை நானே வாங்கிக் கொடுக்கிறேன், பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மட்டம் பார்ப்பது காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். கூடவே ஒரு ஓபிடி கருவி (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிப்பது) வாங்கிப் போனில் தண்ணீர்ச் சூடு எவ்வளவு டிகிரி என்று பார்க்கப் பழகுங்கள். மே மாதம் மத்திய கைலாஷ் சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது உங்கள் வண்டிக்கு இயல்பான எண் எது என்று தெரிந்திருந்தால், இயல்பில்லாத எண்ணை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேக ஆட்டோமேட்டிக். ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லக் கேட்பீர்கள். கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப்-ஏ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. நம் வெயிலுக்கு வருஷக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் அடித்தட்டோடு சேர்ந்தே வரும், மொத்தமாக மாற்ற வேண்டும்.

பெட்ரோல் குறைந்தது 95 ஆக்டேன். இந்தியன் ஆயில் பங்கில் எக்ஸ்பி95 போடலாம், நீண்ட பயணத்துக்கு முன் எக்ஸ்பி100 போடுவேன். இப்போது பங்குகளில் வரும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. இந்த வண்டி அதற்காகச் செய்ததில்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அரை டாங்க் பெட்ரோலோடு இரண்டு மாதம் கவர் போட்டு நிறுத்தி வைப்பதுதான் இதற்குச் செய்யும் பெரிய கெடுதல்.

நிறுத்தி வைத்தால் பேட்டரியும் போகும். டிக்கிக்குள் பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று இரண்டு பேட்டரி. சின்னது பலவீனமானால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் திரையில் வரிசையாக வரும், பார்த்துப் பயந்துபோவீர்கள். பத்து நாளுக்கு மேல் ஊரில் இல்லை என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுப் போங்கள். மற்றபடி வாரம் ஒரு முறை குறைந்தது நாற்பது நிமிஷம் ஓட்டுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது ஓட்டாமல் இருப்பதைவிட மோசம். ஆயில் சூடாகாமல் ஈரம் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும்.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு திட்டம் வேண்டும். அக்டோபர் பிறந்ததும் பேஸ்மென்ட்டை மறந்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முதல் நாளே வண்டியை ஒரு அடுக்கு பார்க்கிங்கின் மூன்றாம் தளத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவது நியாயம்தான். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று உண்டு, அதைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீரில் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிளாட்பெட் லாரி கூப்பிடுங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள்.

டயர் முன்னால் 245/40 ஆர்19, பின்னால் 275/35 ஆர்19. அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போட முடியாது. பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணில் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று இருக்கும். டயரின் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் ஆறு வருஷம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். வேகத்தடையில் நேராக ஏறாமல் சற்றே சாய்வாக, ஒரு சக்கரமாக ஏற்றுங்கள். வண்டியின் அகலம் 1.92 மீட்டர். அடையாறு, மயிலாப்பூர் உள்தெருக்களில் எதிரே தண்ணீர் லாரி வந்தால் வழியில்லை. அங்கே போகும் வேலைக்கு வேறு வண்டியை எடுங்கள்.

ஓட்டுவதற்கு ஞாயிறு காலை ஐந்து மணி. சத்தத்தைக் கூட்டும் எக்ஸாஸ்ட் பட்டனை அணைத்துவிட்டுத் தெருவைத் தாண்டுங்கள், தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏசி போட்டதும் டேஷ்போர்டின் நடுவிலிருந்து காற்றுத் துவாரங்கள் மெதுவாக எழுந்து வரும். ஐந்து வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஈ.சி.ஆர். அழகுதான், ஆனால் அந்த நேரத்தில் முட்டுக்காடு வரை சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள், கோவளத்தில் நாய்கள் படுத்திருக்கும். அது வேகத்துக்கான ரோடு இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு எழுபதில் போங்கள், மாமல்லபுரத்தில் காபி குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

வண்டியின் குணம் தெரிய வேண்டுமென்றால் ஏலகிரிக்குப் போங்கள். சுமார் 230 கிலோமீட்டர். வாலாஜா தாண்டி ஆம்பூர் வரை எட்டாம் கியரில் எஞ்சின் முனகிக்கொண்டே வரும். பக்கத்தில் உட்கார்ந்து வரும் அம்மாவுக்கு முதுகு வலிக்காது. அப்புறம் மலை. புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். கியரை மேனுவலில் வைத்து, வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கி, பிரேக்கை விட்டபின் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். மூக்கு திரும்பியது கையில் தெரியும். அதற்குப் பிறகுதான் ஆக்சிலரேட்டர், அதுவும் மெல்ல. அவசரப்பட்டு மிதித்தால் பின்பக்கம் வழுக்கும். ஈரமாக இருந்தால் ரெயின் மோடில் போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் குனிந்து மோந்து பாருங்கள். சூடான ரப்பர் வாசனை மட்டும் வந்தால் சரி, பானெட்டை மூடிவிட்டுப் போய்க் குளிக்கலாம்.